மாலை ஆறு மணி அறிவிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் வாசலில், நூற்றுப் பதினாறு தலைக்கட்டும் பார்த்திருக்க, இந்தக் கீழமேடு குப்பத்துக்கு இருபத்திரண்டு வருடம் நாட்டாராக, ஊர்த் தலைவராக இருந்த தம்புசாமியாகிய என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். செண்பகத்தின் மகன் எழிலரசன் செத்ததற்கு நான் போட்ட ஊர்க் கட்டுதான் காரணம் என்று ஒரு காகிதத்தை வாசித்தார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். அன்றோடு நாட்டார் பொறுப்பும் போயிற்று.

கலெக்டருக்கு மனு எழுதப் போகிறேன். மனுவுக்கு ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் இந்த டைரி. பொங்கலுக்கு ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்தது, இதுவரை ஒரு பக்கமும் எழுதவில்லை.

நான் மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனில்லை. மீன் கட்டி வந்த பேப்பரைக் காயவைத்துப் படித்துத்தான் தமிழ் கற்றேன். சட்டப் புத்தகமும் அப்படித்தான். எனக்கு யாரும் எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலில் இறங்காது. பெரியவர்கள் வலை கட்டுவோம், இன்ஜினைக் கழற்றி மாட்டுவோம். வயசுப் பிள்ளைகளுக்கு வேலை கிடையாது. இந்த வருடம் அந்த இரண்டு மாதத்தில்தான் ஊருக்குள் மாத்திரை வந்தது. முதுகு வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை. அதைப் போதைக்கு எடுக்கிறார்கள். மூன்று தாய்மார்கள் என் வீட்டுக்கு வந்து அழுதார்கள். போலீஸ் ஜீப் ஒருநாள் வந்தது, திரும்பிப் போனது.

அதனால் ஜூன் 22ஆம் தேதி கோயிலில் சூடம் ஏற்றினேன். ஊரே வந்து அதில் கையடித்துச் சத்தியம் செய்தது. மாத்திரைப் பழக்கம் உள்ள பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், அவன் ஊர் முன்னால் வந்து விட்டேன் என்று சொல்லும்வரை, அந்த வீட்டோடு ஊருக்குப் பேச்சில்லை. தண்ணீர் இல்லை. ஏலத்தில் இடமில்லை. மீறினால் மீறினவன் வீட்டுக்கும் அதே கட்டு.

மூன்றாம் நாள் வலைக்கூடத்துக்குப் பின்னால் எழிலரசன் பிடிபட்டான். பத்தொன்பது வயது. அப்பன் இல்லாத பிள்ளை. தாய் செண்பகம் தலைச்சுமையாக மீன் விற்கிறவள். தங்கை மதியரசி ஒன்பதாவது படிக்கிறாள். இரக்கப்பட்டால் சட்டம் நிற்காது. அறிவிப்பை என் குரலிலேயே பேசி, பென் டிரைவில் பதிந்து கொடுத்தேன். தினமும் மாலை ஆறு மணிக்குக் காற்று, அலை அறிவிப்பு முடிந்ததும் அதைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பதினெட்டு நாளில் பையன் செத்துவிட்டான். அதிகமாகப் போட்டுக்கொண்டான். இதில் என் தப்பு எங்கே வருகிறது?

ஆகஸ்ட் 6, புதன்

ஆறு மணிக்கு இன்றும் போட்டார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மைக் அறைக்குப் போனேன். அஞ்சப்பன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். ஏல நேரம், புயல் எச்சரிக்கை, காணாமல் போன ஆடு, எல்லாவற்றையும் பதினைந்து வருடமாக ஒலிபரப்புகிறவன் அவன்.

"செத்தவன் பேரை இன்னும் போடுறியே, என்னா அஞ்சப்பா?"

"நான் எங்க போடறேன் நாட்டாரே? பேசறது நீங்க. நான் பட்டன அமுக்கறதோட சரி."

"புதுத் தலைவர் நிறுத்தச் சொல்லலியா?"

"வேலாயுதம்தானே, சொன்னாரு. நீங்களே வந்து கழட்டிக்கிங்கன்னேன். மிஷின் கிட்டக்கூட வரல. சூடத்துல கையடிச்சவராச்சே. அன்னைக்கு அந்த வூட்டுக்கு ஒரு தேங்கா குடுத்தவன் இன்ஜின் நடுக்கடல்ல நின்னு போச்சில்ல, அந்தப் பயம்." புகையை விட்டான். "சூடம் ஏத்தின கை சொல்லட்டும். இப்பவே புடுங்கிடறேன்."

நான் சொல்லவில்லை. சொன்னால் கட்டு தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். மனு அங்கேயே செத்துவிடும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பையன் செத்து இன்றோடு ஒரு மாதம்.

அவர்கள் வாசித்த காகிதத்தில் இருந்தது இது: ஜூலை 11, மத்தியானம் இரண்டு மணிக்கு எழில் மூச்சுத் திணறிக் கிடந்தான். தங்கை மதியரசி பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒருவரும் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்து, துணை சுகாதார நிலையத்து நர்ஸ் சகாயமேரி ஸ்கூட்டரில் வந்தாள். வரும்போது உயிர் இல்லை.

இதற்கு என் பதில்: விடியலுக்கு முன்னால் கடலுக்குப் போகிறவன் மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்காமல் என்ன செய்வான்? நானும் தூங்கிக்கொண்டிருந்தேன். மனுவில் இதை அடிக்கோடிட வேண்டும்.

இன்னொன்று. சாவுக்குக் கட்டு கிடையாது, எல்லோரும் போகலாம் என்று அன்று சாயங்காலமே நான் அறிவித்தேன். ஊரே போயிற்று. பந்தல்கூட ஊர்ச் செலவு. இதை யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் முட்டி வலி மாத்திரை மறுபடியும் குறைகிறது. அட்டையில் நான்கு இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. மெடிக்கல்காரன் பிரித்த அட்டையைத் தருகிறான். கேட்டால் சண்டைக்கு வருகிறான்.

பேரன் தீபன் இன்றும் பதினொரு மணிவரை எழவில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். என் மகன் மஸ்கட்டில், அவனைக் கண்டிக்க ஆள் இல்லை. இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை. ஏன்டா என்றால் புரண்டு படுக்கிறான். மருமகள் கோமளா, "ஃபேஷன் மாமா, விடுங்க" என்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நர்ஸ் சகாயமேரி வீட்டுக்கு வந்தாள். அவள் இந்த ஊர்க்காரி இல்லை. நான்கு பெற்றோர், ஒரு வாத்தியார், இரண்டு பையன்கள் என்று ஒரு குழு சேர்த்திருக்கிறாள். போதைத் தடுப்புக் குழுவாம்.

"நீங்களும் வந்து குழுவுல உக்காரணும் ஐயா."

"நிக்க வெச்சீங்க. இப்ப உக்காரச் சொல்றீங்க."

"நிக்க வெச்சது ஊரு. உக்காரச் சொல்றது நான்."

வாய் இருக்கிறது அவளுக்கு. பையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்டை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் நாற்பத்துமூன்று பிள்ளைகளிடம் பெயர் போடாமல் எழுதி வாங்கியதாம். ஒரே கேள்வி. உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் இந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வாய்? முப்பத்தொரு சீட்டில் ஒரே பதில்: யாரும் இல்லை. ஏழு பேர் அம்மா. ஒருவன் நாய்க்குட்டியின் பெயரை எழுதியிருக்கிறான். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'யாரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தால் பெயரோடு எழுதியிருப்பேன்.'

"இன்னும் நாலு வூட்டுல புள்ளைங்களுக்கு இந்தப் பழக்கம் இருக்குங்க ஐயா. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு, சரி பண்ணலாம். ஆனா கூட்டிட்டு வர மாட்டேங்கறாங்க. பயம்."

"மாத்திரைய விட்டா என்னா ஆகுமோன்னா?"

"இல்ல. மைக்குல பேர் வருமேன்னு."

"எந்த நாலு வீடு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க படிப்பீங்க."

பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியில் காய்கிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களிடம் பேசும் முறை தெரியாதவள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஐந்தரைக்கே கிளம்பி முகத்துவாரம் வரை நடந்தேன். அங்கே கேட்காது என்று நினைத்தேன். காற்று மேற்கே இருந்து அடித்தது. ஊரில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது.

'செண்பகம் வீட்டில், அவர் மகன் எழிலரசன் போதை மாத்திரைப் பழக்கம் உள்ளவன் என்பதால்.' இங்கே ஓர் இருமல். பிறகு ஓர் இடைவெளி. 'அந்த வீட்டோடு ஊருக்குப் பேச்சில்லை.'

பேசும்போது நான் இருமிய நினைவு இல்லை. அந்த இடைவெளியும் அவ்வளவு நீளம் விட்ட நினைவில்லை. கூடை அலசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு முடிந்த பிறகுதான் மறுபடி அலசினார்கள். என்னைப் பார்க்கவில்லை. கோயிலில் மணி அடிக்கும்போது நிற்பதுபோல நின்றார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

11ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். நான் தூங்கவில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவனுக்கும் வெளிச்சத்தம் கேட்காது. உண்மை எழுதுகிறவன் என்பதால் திருத்துகிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கோமளா துணை சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தாள். இரும்புச் சத்து மாத்திரை வாங்கவாம். போன வாரமும் போனாள். என்னை ஊர் முன்னால் நிற்க வைத்தவளிடம் என் வீட்டு மருமகள் போய் என்ன பேச இருக்கிறது?

"என்னா பேசினீங்க?"

"பொம்பளைங்க பேசறதெல்லாம் மனுவுல எழுதணுமா மாமா?"

மனு விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? டைரியை இனி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மணி. ஓடு வழியாக வந்தது. இருமல். அதற்குப் பிறகு வருகிற இடைவெளியில் இன்று ஒரு பெயரைக் கேட்டேன். என் குரல்தான் சொன்னது. 'தீபன்' என்று.

காது மந்தம். வயது எழுபத்தொன்று.

செப்டம்பர் 1, திங்கள்

மத்தியானம் சோறு போட்டுவிட்டு கோமளா போகாமல் நின்றாள்.

"ஒன்னு சொல்லணும் மாமா. முடியற வரைக்கும் நீங்க நடுவுல பேசக் கூடாது."

தலையாட்டினேன்.

"அந்த நாலு வூட்டுல ஒன்னு நம்ம வூடு."

ரசத்தைச் சோற்றில் ஊற்றியிருந்தேன். அது ஓடித் தட்டின் ஓரத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "இதத்தான் மொதல்ல கேப்பீங்கன்னு அவன் சொன்னான். பந்தயம் கட்டியிருந்தா ஜெயிச்சிருப்பான்."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். எழில் விழுந்தபோது தீபன் அவனோடு இருந்திருக்கிறான். பயந்து ஓடிப்போய் மதியரசியிடம் சொன்னவன் அவன்தான். அதோடு வீட்டுக்குள் வந்து ஒளிந்துகொண்டான். நர்சுக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்ததும் அவன். செய்ய அவனுக்கு நாற்பது நிமிடம் தைரியம் வரவில்லை.

"அந்தப் பொண்ணு நம்ம கதவத் தட்டறப்ப இவன் உள் ரூம்புலதான் இருந்தான். நீங்க அவகிட்ட என்னா சொன்னீங்கன்னு அவனுக்குத் தெரியும் மாமா. அன்னைலேருந்துதான் கூடிப் போச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

முட்டி வலி. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3, புதன்

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கென்று ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் வைத்ததில்லை. என் தம்பி தடை செய்த சுருக்குமடி வலையைப் போட்டபோது அவன் படகையும் பிடித்துக் கட்டினேன். ஐந்தே முக்காலுக்கு மைக் அறைக்குப் போனேன்.

"இன்னைக்கு நேரா பேசறேன். மைக்கப் போடு."

என்ன பேசப் போகிறேன் என்று சொன்னேன். அஞ்சப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

"வேணாம் நாட்டாரே. நான் அமுக்க மாட்டேன்."

"தள்ளு. நான் அமுக்கறேன்."

தம்புசாமி வீட்டில், அவர் பேரன் தீபன் என்று தொடங்கி, ஒரு சொல் குறையாமல் சொன்னேன். இருமவில்லை. வெளியே வந்தபோது தெருவில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சத்தியம் இன்னும் நிற்கிறது என்று ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டு வாசலில் கோமளா. "உங்க நேர்மைக்கு எம்புள்ள தலைய வெக்கிறீங்களா? ஒரு புள்ள போனது போதலையா?"

தீபன் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூன்று வாரத்தில் என்னிடம் முதன்முதலாகப் பேசினான்.

"ஜெயிச்சிட்டீங்க தாத்தா."

செப்டம்பர் 5, வெள்ளி

கோமளா மாத்திரை எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தீபனுக்கு இரண்டு நாளாக வாந்தி. உடம்பெல்லாம் வியர்வை, கால் முறுக்கி இழுக்கிறது என்று பல்லைக் கடிக்கிறான். டீக்கடையில் என் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். ரோட்டுக்கு நான்கு கிலோமீட்டர். ஊர் ஆட்டோ மூன்று இருக்கிறது, மூன்றும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதிய சட்டம்.

சகாயமேரி வந்து ஏதோ உப்புக் கரைசல் கொடுத்தாள். "திங்கக்கெழம வரைக்கும் இதையே குடுங்க. செவ்வாய்க்கெழம போதை மீட்பு வார்டுல டாக்டர் இருப்பாரு, கண்டிப்பா கொண்டு வாங்க. அதுக்கு நடுவுல பழைய அளவு மாத்திரைய எங்கயாவது வாங்கிப் போட்டுட்டான்னா எழிலுக்கு ஆனதுதான் ஆவும். பக்கத்துலயே யாராவது இருக்கணும்."

"எப்படிக் கொண்டுபோறது?"

"ஊர்தான் சொல்லணும்" என்றாள். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 6, சனி

மத்தியானம் இரண்டு மணி. கதவு தட்டுகிற சத்தம். மூன்று தடவை, கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று. நாற்காலியில் இருந்தேன். இந்தச் சத்தத்தைக் கேட்காத மத்தியானம் ஜூலையிலிருந்து எனக்குக் கிடையாது. அதனால் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து கோமளா, "யாரோ தட்டறாங்களே மாமா, தெறங்களேன்" என்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

திறந்தேன். செண்பகம். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறாள், தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. மதியரசி தெருமுனையில் பூவரச மரத்தடியில் நின்றாள். கிட்டே வரவில்லை.

"ஊர் கட்டு போட்ட வீடு இது, உள்ள வரக் கூடாது" என்றேன்.

"என் வூடும் கட்டு போட்ட வூடுதான் நாட்டாரே. கட்டு போட்ட வூடு கட்டு போட்ட வூட்டோட பேசக் கூடாதுன்னு நீங்க எழுதலியே. எழுதினது நீங்கதானே, பாத்து சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

அவள் உள்ளே போய் தீபன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தினி நாளா தம்பி?" என்றாள்.

"ஏப்ரல்லேருந்து."

"ராவுல காலு இழுக்குதா?"

"ம்."

"எழிலுக்கும் அப்படித்தான். வெந்நீர் துணிய சுத்தி வெப்பேன். கொஞ்சம் கேக்கும்." கோமளாவைப் பார்த்து, "துணி குடும்மா" என்றாள்.

ஒரு மணி நேரம் இருந்தாள். துணியைப் பிழிந்து பிழிந்து சுற்றினாள். ஒரு தடவைதான் அவள் கை நின்றது. தீபன் அவள் முகத்தைப் பார்க்காமல், "அத்தே, நான் அன்னைக்கு ஓடிட்டேன்" என்றான்.

"தெரியும்" என்றாள். துணியை மறுபடி நனைத்தாள்.

அதே நாள், பிறகு

இதை எழுதியாக வேண்டும்.

ஜூலை 11 நான் தூங்கவில்லை. பேப்பரும் படிக்கவில்லை. முதல் தட்டிலேயே கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்திருந்தேன். "தாத்தா, அண்ணன் மூச்சு விட மாட்டேங்கறான், தாத்தா, கதவத் தொறங்க" என்றாள். மற்ற பத்து வீட்டிலும் தட்டிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்திருந்தாள். என் வீடு திறந்தால் எல்லா வீடும் திறக்கும் என்று தெரிந்து வந்திருக்கிறாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

கதவைத் திறக்காமல் பேசினால் அது பேச்சாகாது என்று முடிவு செய்தேன். அது நான் அவளுக்குக் காட்டிய இரக்கம் என்றுகூட நினைத்தேன். சொன்னேன்: "ஞாயித்துக்கெழம கூட்டத்துல எழுதிக் குடுங்க."

கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றாள். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம். எனக்குப் பின்னால் உள் அறையில் ஏதோ அசைந்தது. பூனை என்று நினைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கட்டு போட்டவன்தான் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பது இந்த ஊர் முறை. சூடம் ஏற்றிய அதே கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கட்டு போட்ட வீட்டுக்காரருக்குத் தன் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் குடித்தால் அவிழ்ந்தது.

கட்டை அவிழ்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேலாயுதம் கூட்டம் கூட்டினான். நாற்பத்தைந்து வயது, இரண்டு படகு வைத்திருக்கிறான். ஒரு தேங்காய்க்குப் பயந்தவன். நான் கல்லைக் கழுவினேன். முட்டி மடங்கவில்லை. அஞ்சப்பன் பிடித்துக்கொண்டான். கட்டு போட்ட வீட்டானைத் தொடுகிறான் என்பது அவனுக்கே பிறகுதான் உறைத்தது. சட்டென்று கையை எடுத்தான், நான் விழப்போனதும் மறுபடி பிடித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

செண்பகத்திடம் சொம்பை நீட்டினேன். வாங்கினாள். குடிக்கவில்லை.

"குடிம்மா" என்றான் வேலாயுதம்.

"எனக்கு வேணாம். வேணும்னு கேட்டப்ப இந்தத் தண்ணி வரல." சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. சொம்பைக் கோமளாவிடம் கொடுத்தாள். "பாட்டில்ல ஊத்தி வெச்சிக்க. செவ்வாக்கெழம பஸ்ல அவனுக்கு நாக்கு வறளும்."

கிழவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். குடிக்கவில்லை, ஆகவே அவிழவில்லை என்றார்கள். வேலாயுதம் சொம்பு கை மாறினாலே போதும் என்றான். அரை மணி நேரம். அந்தக் கல்லைச் சுற்றி நின்று, தண்ணீர் உதட்டில் பட வேண்டுமா தொண்டையில் இறங்க வேண்டுமா என்று பேசினார்கள். இவர்களுக்கு இப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

"என் வூட்டுக் கட்டு இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள் செண்பகம். "என் வூட்டுல இனிமே காப்பாத்த ஆள் இல்ல. மத்த வூட்டுல இருக்குங்க."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ஐஸ் உடைக்கும் சிங்காரத்தின் மனைவி. "எம்மவனுக்கும் இருக்கு" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி பாதி எழுந்தாள், புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். நான்காவது வீடு எது என்று இன்னும் தெரியாது. கேட்கப் போவதில்லை.

மதியரசி கோயில் மதில் ஓரமாக நின்றிருந்தாள். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஒரு சொல் சொல்ல வேண்டியது இருந்தது. மைக் என் கையிலேயே இருந்தது. சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் காற்று, அலை அறிவிப்பு மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் வந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

மனு எழுதப் போவதில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதில் செய்ய வேண்டியவற்றையும், செய்ய வேண்டியவர்களையும் எழுதுகிறேன்.

அஞ்சப்பன்: அந்தப் பென் டிரைவைக் கடலில் போடக் கூடாது. செண்பகத்திடம் கொடுக்க வேண்டும். வைத்திருப்பதோ உடைப்பதோ அவள் இஷ்டம்.

ஏலக்காரர்கள்: செண்பகத்துக்குப் பழைய இடத்தை நாளைக் காலையே திருப்பித் தர வேண்டும். தயவு காட்டுவதுபோல மீன் அள்ளிப் போடக் கூடாது.

வேலாயுதம்: மாத்திரை கொண்டுவந்து விற்கிறவனைப் பிடித்துப் போலீசில் கொடுக்க வேண்டும். வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை நோயாளி. நோயாளி வீட்டுக்கு இனி இந்த ஊரில் கட்டு கிடையாது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தடைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வலைக்கூடத்தைத் திறந்துவிட்டு, இன்ஜின் வேலையோ பந்தோ, ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

சகாயமேரி: குழுவைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினால் அப்பன்கள் வர மாட்டார்கள். ஏலம் முடிந்ததும் ஏலக்கூடத்திலேயே கூட்ட வேண்டும். அந்தச் சீட்டுக் கேள்வியை ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். முப்பத்தொன்று எத்தனை ஆகியிருக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

பதினோரு வீட்டார்: ஒவ்வொருவராக மதியரசியிடம் போக வேண்டும். கூட்டமாகப் போகக் கூடாது. தூங்கினோம் என்று சொல்லக் கூடாது.

கோமளா: நாளை காலை ஏழு மணி பஸ். தீபனோடு அவள் போக வேண்டும். அவன் கூப்பிட்டால் மட்டும் நான்.

தீபன்: பஸ் ஏற வேண்டும். மற்றது டாக்டர் சொல்வார்.

மதியரசி: அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. யாரையும் மன்னிக்க வேண்டியதும் இல்லை.

தம்புசாமி: அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில், யாரும் எழுந்து நிற்கச் சொல்லாமல் தானே எழுந்து நிற்க வேண்டும். கதவுக்குப் பின்னால் இருந்து அந்தப் பெண்ணிடம் சொன்னதை அதே சொற்களில் மைக்கில் சொல்ல வேண்டும். மைக்கை யாராவது அணைத்தால், அது இல்லாமலே சொல்ல வேண்டும்.